எல்லாப் பட்டியலிலும் கடைசி ஆள்

அந்த மூடிக் கம்பெனியின் சம்பளச் சீட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அங்கே யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் லிஸ்ட் அக்கா. முதலாளிகூட ஒருமுறை கூட்டத்தில் வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். தண்ணீர் பாட்டில், மருந்து பாட்டில், சாயப் பாட்டில் என்று எல்லாவற்றுக்கும் அங்கே மூடி செய்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊரில் உள்ள பாட்டில்களின் வாயை மூட அந்தக் கம்பெனி ஒன்றே போதும்.

அவள் முதலில் சேர்ந்தது ஆபீசுக்கு அல்ல. கீழே மெஷின் ஹாலில், சொத்தை மூடிகளைப் பொறுக்கித் தள்ளும் மேஜையில்தான் பல வருஷம் நின்றாள். மணிக்கட்டு வீங்கி, கையைத் திருப்ப முடியாமல் போனபோது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மேனேஜர் அவளை மாடிக்கு ஏற்றினார். முத்து முத்தான கையெழுத்துக்காக மேலே போனவளுக்கு அங்கே கொடுத்தது ஒரு கம்ப்யூட்டர். பேனாவைத் தொடவே வேலையில்லை. இந்தக் கம்பெனியின் நிர்வாகம் எப்படிப்பட்டது என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

மாடி ஆபீஸ் என்பது ஒரு கண்ணாடி அறை. கீழே மெஷின் அடிக்கும்போதெல்லாம் தரை நடுங்கும். டீ கப்பில் வளையம் வளையமாக அலை எழும். உருகிய பிளாஸ்டிக் நாற்றம் புடவையில் ஏறி, துவைத்தாலும் போகாது. அங்கே உட்கார்ந்துதான் அவள் கம்பெனியின் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே ஷீட்டில் வைத்துக் காத்தாள். ஆளுக்கு ஒரு வரி. எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், சேர்ந்த தேதி, ஷூ அளவு, கல்யாணம் ஆயிற்றா, எத்தனை குழந்தை, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் மட்டும் வேண்டும் என்றால் ஃபில்டரைப் போடுவாள்; மற்றவர்கள் மறைந்துகொள்வார்கள். போவதில்லை, மறைவதுதான். ஃபில்டரை எடுத்தால் திரும்பி வந்துவிடுவார்கள்.

இதில் ஒரே தொல்லை வரிசை எண்தான். மூன்றாம் எண்காரருக்கு அடுத்து ஒன்பதாம் எண்காரர் வருவார், அப்புறம் பதினான்கு. நடுவில் இருப்பவர்கள் வேறு ஷிஃப்டில் மறைந்திருப்பார்கள். மேனேஜருக்கு அது ஆகாது.

“என்னம்மா இது, பொக்கை வாய் மாதிரி இருக்கு? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அழகா வரக் கூடாதா?” என்பார்.

அதனால் ஒவ்வொரு முறையும் அவள் எண்களைக் கையால் அடித்தாள். ஃபில்டரை எடுத்ததும் பார்த்தால் குடி கெட்டிருக்கும். ஒரே எண்ணில் மூன்று பேர் நிற்பார்கள். ஒருமுறை புது ஷூ கொடுக்கும்போது பன்னிரண்டாம் எண் என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒரு ஷூவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். வாட்ச்மேன் வந்து பிரித்துவிடும்வரை கம்பெனியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

அந்த அவமானத்தில்தான் அவள் வழி தேடினாள். போனில் யாரோ ஒருவர் பேசிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, ஒரு ஃபார்முலாவைக் கற்றுக்கொண்டாள். கண்ணுக்குத் தெரிகிற வரிகளை மட்டும் கூட்டி எண்ணு, மறைந்திருப்பதை விட்டுவிடு என்று அது சொல்லும். எண் இருக்கும் கட்டங்கள் அத்தனைக்கும் அதை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்த ஃபில்டர் போட்டாலும் சரி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் தாமாக ஓடி வந்து வரிசையில் நின்றன. பட்டியலின் அடியில் நிற்கும் எண்தான் மொத்தம். விரல் விட்டு எண்ண வேண்டாம், கூட்ட வேண்டாம். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பரவாயில்லையேம்மா. இதை எல்லாருக்கும் காட்டணும்” என்றார். காட்டவில்லை. ஆனாலும் சொன்னாரே என்று அவளுக்குச் சந்தோஷம். அவள் வாழ்க்கையில் அவளை யாரும் அவ்வளவாகப் பாராட்டியதில்லை. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

வீட்டில் அவளும் கணவரும்தான். ஒரே மகள் கல்யாணம் ஆகித் தூர ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் வருவாள். கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது என்று ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் மூன்றாம் மாடி ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்க வருஷக்கணக்கானது. கீழே போகிற பஸ்ஸை எல்லாம் பார்த்து, “இவன் லேட்டு”, “இவனுக்குத் திருப்பத் தெரியல” என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. கடைசியில் அவர் தீர்ப்புச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. மனிதர் சவரம் செய்யவில்லை. கதவு தட்டினால் திறக்கவில்லை. அவள் வேலைக்குக் கிளம்பும்போது முகத்தைப் பார்க்கமாட்டார்.

மேனேஜரிடம் கெஞ்சி, காலைப் பிடிக்காத குறையாக நின்று, கோடவுனில் அட்டைப்பெட்டி அடுக்கும் வேலையை அவள் அவருக்கு வாங்கிக் கொடுத்தாள். ஷீட்டின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்து, அவர் விவரத்தை அவளே அடித்தாள். அவருக்குப் பிறகு கம்பெனி யாரையும் சேர்க்கவில்லை. ஆக, அவர்தான் கடைசி வரி.

வேலை சின்னதுதான். ஆனால் மனிதர் மாறிவிட்டார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். கோடவுனுக்குப் போகிறவருக்கு எதற்குப் பாலிஷ் என்று யார் கேட்பது? முதல் வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெஷினுக்கு எண்ணெய் விடும் எண்ணெய்க்காரன்தான், “அண்ணே, குனிஞ்சு தூக்காதீங்க, உக்காந்து தூக்குங்க” என்று சொல்லிக்கொடுத்து அவரைத் தேற்றியவன். வீட்டுக்கு வந்தால் ஒரே கோடவுன் பேச்சு. எந்தப் பெட்டி எந்த மூலையில், எந்த லாரி எப்போது வந்தது என்று அவர் சொல்ல, அவள் உம் கொட்டிக்கொண்டே துணி மடிப்பாள். இழந்த புருஷன் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த வேலை போனால் இந்த மனிதரும் போய்விடுவார் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

இதற்கு நடுவே ஒரு சின்ன வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்கு மட்டும் மருத்துவச் சோதனை என்று பட்டியல் எடுத்தால், கடைசியில் அவர் பெயர் வந்து நிற்கும். மூன்றாவது மெஷின் ஆட்கள் என்று எடுத்தால் அங்கேயும் கடைசியில் அவர்தான். ஏதோ தப்பாக அடித்திருக்கிறோம் என்று நினைத்து, பிரிண்ட் எடுத்த தாளில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவாள். வீட்டில் சொன்னபோது அவரும் சிரித்தார்.

“லேடீஸ் லிஸ்ட்லயும் என்னைச் சேத்துட்டியா? நல்லாயிருக்கு போ. கூப்பிட்டா போயிட்டு வரேன்.”

பேனா எடுத்துக் கோடு போட்ட நேரத்தில் அது ஏன் வருகிறது என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சிரிப்பாக இருக்கிற தப்பை யார் போய்த் திருத்துகிறார்கள்?

பிறகு ஆர்டர் குறைந்தது. அவர்களிடம் மூடி வாங்கிக்கொண்டிருந்த பெரிய பார்ட்டி வேறு இடத்தில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று போய்விட்டது. இரண்டு மெஷின்களைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு. மேனேஜர் அவளிடம் ஷீட்டை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ‘நிறுத்தம்’ என்று ஒரு தலைப்பைப் போட்டு, அதன் கீழே போக வேண்டியவர்களுக்கு எல்லாம் ஒரு குறி வைத்தார். குறி உள்ளவர்களை மட்டும் ஃபில்டர் செய்தார். பட்டியலின் அடியில் முப்பத்தெட்டு என்று எண் நின்றது. அதை அப்படியே முதலாளிக்கு எழுதினார், முதலாளி கையெழுத்துப் போட்டார், கடிதங்கள் அச்சாகின. மேனேஜர் குறி வைத்தது முப்பத்தேழு பேருக்குத்தான். ஆனால் அவர் எண்ணவில்லை. எண்தான் தானாக வருகிறதே, எதற்கு எண்ண வேண்டும்?

சனிக்கிழமை மத்தியானம் காலை ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களுக்கு வாட்ச்மேன் கேட்டில் கவர் கொடுத்தார். அடுத்த ஷிஃப்ட்காரர்களுக்குத் திங்கட்கிழமை. அவள் மேலே கண்ணாடி வழியாகக் குனிந்து, யார் யார் கவர் வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகமும் அவளுக்கு ஒரு வரி. ஷூ அளவுவரை தெரியும். ஒருத்தி கவரைப் பிரிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தாள். அப்போது இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் கணவர் ஆபீசுக்கு ஏறி வருவது அதுதான் முதல் தடவை.

“இந்தா, உங்க ஆபீஸ்லேருந்து எனக்கு லெட்டர் போட்டிருக்காங்க. வீட்டுலயே குடுத்திருக்கலாம்ல?” என்று சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது.

அவள் கவரை வாங்கிப் படித்தாள். அவருடைய பெயர்தான்.

“கண்ணாத்தான் இருக்கும்” என்றார் அவர். “முந்தாநாள் ஒரு பெட்டி கை நழுவி விழுந்துச்சு. யாரோ பாத்துட்டுப் போய்ச் சொல்லியிருக்காங்க. இல்ல, வயசாயிடுச்சுன்னு பாத்திருப்பாங்க. அதுவும் நியாயம்தானே?”

“நீங்க வீட்டுக்குப் போங்க. நான் கேட்டுட்டு வரேன்.”

“யார்கிட்டயும் கெஞ்சாத. எனக்காக ஒரு தடவை கெஞ்சினது போதும்.”

படியில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஏறும்போது அவர் கம்பியைப் பிடிக்கவில்லை.

மேனேஜர் அறையில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

“உங்க வீட்டுக்காரரா?” அவர் நிஜமாகவே திகைத்தார். “நான் அவருக்குக் குறி வெச்ச ஞாபகம் இல்லையேம்மா. ஆனா லிஸ்ட்ல வந்திருக்கே.”

“ஷீட்டைத் திறங்க சார்.”

திறந்தார். முப்பத்தெட்டாவதாக, கடைசியில், அவள் கணவர் பெயர். ‘நிறுத்தம்’ என்ற தலைப்பின் கீழே அவர் கட்டம் காலியாக இருந்தது. குறியே இல்லை. குறி இல்லாதவர் குறி உள்ளவர்களோடு நின்றுகொண்டிருந்தார், பெண்கள் பட்டியலில் நின்றதைப் போல.

அவள் மௌஸை வாங்கி, அவர் வரிக்குக் கீழே ஒரு வெற்று வரியைச் சேர்த்து, அந்த வரியிலும் ஃபார்முலாவை இழுத்துவிட்டு மறுபடி ஃபில்டர் போட்டுப் பார்த்தாள். அவர் மறைந்துபோனார், வெற்று வரி நின்றது. அந்த வரியை நீக்கினாள். அவர் திரும்ப வந்தார். இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தபோது விளங்கிவிட்டது. கூட்டிப் பார்க்கிற ஃபார்முலா கடைசி வரியில் இருந்தால், அது ஆள் இல்லை, அடியில் போட்ட மொத்தக் கணக்கு என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறது. மொத்தத்தை எந்த ஃபில்டரும் தொடாது. அவர் எந்தப் பட்டியலிலும் சேராதவர் என்பதால்தான் எல்லாப் பட்டியலிலும் நின்றார். அந்த ஃபார்முலாவைப் போட்டவள் அவள். அவரைக் கடைசியில் சேர்த்தவளும் அவள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

“தப்பு என் ஃபார்முலாவுல இருக்கு சார்” என்று விளக்கினாள். விளக்க விளக்க மேனேஜரின் முகம் தெளிந்தது.

“அப்ப என் தப்பு இல்ல!” என்றார். ஒரு மனிதனின் வேலை போயிருக்கிறது, இவருக்கு அந்த நிம்மதி. பிறகு நாற்காலியில் சாய்ந்தார். “ஆனா ஒரு சிக்கல் இருக்கும்மா. முப்பத்தெட்டுன்னு முதலாளி கையெழுத்துப் போட்டாச்சு. கம்பெனிக்குக் கடன் குடுத்தவங்களுக்கும் அதே எண்ணைச் சொல்லியாச்சு. இப்ப போய் முப்பத்தேழுன்னா, எனக்கு எண்ணத் தெரியலன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“ஒரு ஆள்தானே சார்.”

“அந்த ஒரு ஆள் எங்கன்னு முதலாளி கேப்பாரு. ஆபீஸ்ல எதுக்கு ரெண்டு பேருன்னு ஏற்கெனவே கேட்டுட்டு இருக்காரு. நான் உங்க பேச்சையே எடுக்காம தள்ளிட்டு இருக்கேன்.” பிஸ்கட் துகளை மேஜையிலிருந்து தட்டினார். “உங்க வீட்டுக்காரரை எடுத்துடலாம், எனக்கு ஒண்ணுமில்ல. பதிலுக்கு ஒரு பேர் வேணும். திங்கக்கிழமை ஷிஃப்ட்டுக்கு லெட்டர் இன்னும் குடுக்கல. நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்.”

அவள் அவரையே பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பி, ஏதோ ஃபைலை எடுத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

எழுந்து போயிருக்கலாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம், வெளியிலிருந்து. அவள் கண்ணில் ஜன்னலோர நாற்காலிதான் நின்றது. தன் பெயரைச் சொன்னால் என்ன என்றும் ஒரு கணம் தோன்றியது. அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. கோடவுன் சம்பளம் அதற்குக் காணாது. அந்த எண்ணத்தை உடனே விட்டுவிட்டாள். விட்ட வேகம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஃபில்டரை எடுத்தாள். எல்லாரும் திரும்பி வந்தார்கள். மேலிருந்து கீழே மெல்லத் தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பெயராகப் படித்தாள். இவளுக்கு மூன்று பிள்ளைகள். இவருக்குப் போன மாதம்தான் ஆபரேஷன். இவன் சண்டைக்காரன், ஆனால் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். முகம் பார்த்துத் தேர்ந்தெடுக்க அவளால் ஆகவில்லை. அப்போது கை தானாகப் பழக்கப்பட்ட வேலைக்குப் போனது. நான் தேர்ந்தெடுக்கவில்லை, ஃபில்டர் தேர்ந்தெடுக்கட்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை ஷிஃப்ட், குறி இல்லாதவர்கள் என்று போட்டாள். பாதிப் பேருக்கு மேல் மறைந்தார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் என்று போட்டாள். குழந்தை இல்லாதவர்கள், சேர்ந்து ஐந்து வருஷம் ஆகாதவர்கள். ஒவ்வொரு தடவையும் ஆள் குறைந்தது. எண் மட்டும் ஒன்றிலிருந்து ஒழுங்காக ஓடியது.

கடைசியில் திரையில் இரண்டே வரிகள் நின்றன. இரண்டாவது அவள் கணவர். அவருக்கு அங்கே வேலையே இல்லை, எந்த ஃபில்டரிலும் நிற்பவர். முதலாவது எண்ணெய்க்காரன்.

எண்ணெய்க்காரனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை. ஷீட் சொன்னது சரிதான். படுக்கையில் கிடக்கும் அப்பாவை எழுதுவதற்கு அந்த ஷீட்டில் கட்டம் கிடையாது. அவள் போட்ட ஷீட்தான். அப்பாவுக்காகத்தான் அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வேலைக்கு வரும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வருவான் என்பதும் தெரியும். ஷீட்டில் இல்லையே, ஷீட்டில் இல்லையே என்று மனது ஓயாமல் அடித்துக்கொண்டது.

“யாராவது கிடைச்சாங்களா?” என்றார் மேனேஜர், தலை தூக்காமல்.

“இவர்.”

அவர் எட்டிப் பார்த்தார். “ஆ. வாய் ஓயாம பேசுவானே. சரி, நீங்களே குறி போட்டுடுங்க.”

அவளே போட்டாள். ஒரே ஒரு எழுத்து.  அடித்து முடித்ததும், மணிக்கட்டு வலிக்கிறவள் போலக் கையை உதறினாள்.

வீட்டுக்குப் போனபோது அவர் நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை.

“கம்ப்யூட்டர்ல தப்பா வந்திருச்சாம். உங்க பேர் லிஸ்ட்லயே இல்ல. திங்கக்கிழமை வரச் சொன்னாங்க” என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். “நிஜமாவா? கெஞ்சுனியா?”

“இல்லங்க. நான் ஃபைலைத் திறந்து பாத்தேன். உங்களுக்குக் குறியே இல்ல.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, அவள் தலையில் கையை வைத்தார். கல்யாணமான புதிதில் செய்தது. அதற்குப் பிறகு செய்ததில்லை. “நான்கூட என்னென்னவோ நினைச்சுட்டேன்” என்றார்.  ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தபோது, அம்மாதான் கண்டுபிடித்தாள் என்று கதை கதையாகச் சொன்னார். அவள் சமையலறையில் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கேட்டில் மறுபடி கவர் கொடுத்தார்கள். அவள் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. மத்தியானம் கேன்டீனிலிருந்து கணவர் படியேறி வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்:

“தெரியுமா, நம்ம எண்ணெய்க்காரனுக்கும் லெட்டர். பாவம், அவன் இல்லாம மெஷின் எப்படி ஓடும்? எவன் கண்ண மூடிட்டுக் குறி போட்டானோ! நல்லா இருப்பானா அவன்?”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டு, “வேலையப் பாருங்க, மேனேஜர் வந்துடுவாரு” என்றாள். அவர் போனார். அன்று அவள் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை.

சாயங்காலம், டீ நேரம். தரை நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. வாசலில் எண்ணெய் வாசம் முதலில் வந்தது. பிறகு அவன் வந்தான். கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். ஆபீஸ் தரை அழுக்காகிவிடும் என்று ஷூவை வெளியே கழற்றிவைத்திருந்தான்.

“உள்ள வரலாமா அக்கா?”

“வாங்க தம்பி.”

“அண்ணன் சொன்னாரு. அவருக்கு லெட்டர் தப்பா வந்துச்சாமே, நீங்கதான் ஃபைலைத் திறந்து கண்டுபிடிச்சீங்களாமே. எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாரு, அவ்வளவு பெருமை.” அவன் சிரித்தான். வழக்கமாக வருகிற சிரிப்பில் பாதிதான் வந்தது. “எனக்கும் அப்படி ஏதாவது தப்பா வந்திருக்கும்னு தோணுது அக்கா. மெஷின்ல ஒரு நாள்கூட லீவு போடல நான். ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா? அப்பாகிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்.”

அவளால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. ஷீட்டைத் திறந்தாள். அவன் வரிக்குப் போனாள். அவள் அடித்த எழுத்து அந்தக் கட்டத்தில் அப்படியே இருந்தது. அவன் மரியாதைக்குத் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நன்றாகத் தேடிப் பார்க்கிறவள் போல அவள் மேலும் கீழும் இரண்டு மூன்று தடவை நகர்த்தினாள். சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவள் கணவர் காதுக்கு இன்றைக்கே போய்விடும்.

“இல்ல தம்பி” என்றாள். “எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

அவன் தலையை ஆட்டினான். துணியை மடித்துப் பையில் வைத்தான். கழற்றிவைத்த ஷூவை வாசலில் குனிந்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

“சரிக்கா. வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீங்களே பாத்துட்டீங்க, அது போதும்.”